கறுப்பி தின்ற ராகு

தாராபுரத்தில் பழைய பிரிட்ஜ்களை வாங்கிச் சரிசெய்து விற்றுக்கொண்டிருந்த மோகனசுந்தரத்தின் ஜாதகக் கட்டத்திலிருந்து ராகுவையும் கேதுவையும் அவன் வளர்த்த பாம்பு விழுங்கிவிட்ட செய்தி, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் மனைவி கலாமணிக்கும், ஒன்பது மணிக்குத் தெருவுக்கும், உச்சிப்பொழுதுக்குள் அமராவதி ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் தெரிந்துவிட்டது. நம்பாதவர் என்று ஒருவரும் இல்லை. பாம்பைத் தின்கிற பாம்புதானே, ராகுவை மட்டும் எதற்கு விட்டுவைக்கப் போகிறது என்று டீக்கடையில் கேட்டுவிட்டு, அடுத்ததாக மஞ்சள் விலையைப் பேசினார்கள்.

மோகனசுந்தரம் வளர்த்தது கிங் ஸ்நேக் என்கிற அமெரிக்கப் பாம்பு. விஷம் இல்லாதது, ஆனால் விஷமுள்ள பாம்பையும் சுற்றி நெரித்துத் தலைப்பக்கமிருந்து விழுங்கிச் செரித்துவிடுவது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒருவரிடமிருந்து முறையான காகிதங்களோடு ஒன்றை வாங்கிவந்தவன், தபால்தலை சேர்க்கிறவன் ஒரு தபால்தலையோடு நிற்க முடியாததைப் போலத் தானும் நிற்க முடியாமல், கறுப்பில் வெள்ளை வளையம் போட்டது, காப்பிக்கொட்டை நிறத்தில் மஞ்சள் கோடு ஓடியது, வாழைப்பூவின் உள்மடலைப் போல வெளுத்தது என்று பதினொன்றைச் சேர்த்திருந்தான். பிரிட்ஜில் காய்கறி வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகளைப் பெட்டிகளாக்கிப் பின்கட்டு அறையில் அடுக்கி, ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பாக வைத்திருந்தான். இரண்டை ஒன்றாக வைத்தால் காலையில் ஒன்றுதான் இருக்கும். குளிர்காலத்தைக் கண்டால்தான் அவை இணைசேரும் என்பதால், குளிர்காலமே எட்டிப் பார்க்காத ஊரில் ஒரு இரட்டைக் கதவு பிரிட்ஜுக்குள் மூன்று மாதக் குளிர்காலத்தைச் செய்துவைத்தான். மார்கழியில் அந்தக் கதவைத் திறந்தால் வேறொரு நாட்டின் வாசனை வந்தது. அவை உரித்த சட்டைகளைத் தேதி எழுதித் தன் கல்யாண ஆல்பத்தில் ஒட்டினான், ஏனென்றால் கல்யாணப் படங்கள் அந்த ஆல்பத்தின் பாதியோடு நின்றுபோயிருந்தன.

கலாமணிக்குப் பாம்பு பயமில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள், காலையில் கடைக்குப் போகும் முன் ஃப்ரீஸரில் உறைந்த எலிகளை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் பிடித்துப் பதினொன்றுக்கும் முறைவைத்து ஊட்டிவிட்டுப் போவாள். மோகனசுந்தரத்துக்கு எலியைப் பார்த்தால் ஆகாது.

இருவருக்கும் ஜாதகத்தில் ஏழாம் கட்டத்தில் ராகு. அது கல்யாணத்துக்கு ஆகாத இடம், நாகதோஷம் என்பார்கள். அவனை இருபத்து மூன்று வீடுகளிலும் அவளை முப்பத்தொரு வீட்டாரும் வேண்டாம் என்ற பிறகு, ஜோசியர் உத்தண்டராமன், தோஷத்துக்குத் தோஷத்தைச் சேர்த்துவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி சும்மா கிடக்கும் என்று சொல்லிச் சேர்த்துவைத்தார். அவர் சொன்னபடியே பதினாறு வருஷம் எல்லாம் சும்மா கிடந்தது. பிள்ளை இல்லை, சண்டை இல்லை, பேச்சும் அவ்வளவாக இல்லை.

பாம்புப் பெட்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரிப்பது இதை வளர்க்கிறவர்களின் வழக்கம். அந்த வாரம் பழைய பேப்பர்க்காரன் கட்டுகளையெல்லாம் எடைக்கு வாங்கிப் போய்விட்டதால், மோகனசுந்தரம் பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு, தையல் பிரிந்த தாள் கட்டு ஒன்றை எடுத்து, மூத்த பாம்பான கறுப்பியின் பெட்டியில் விரித்தான். கறுப்பி மெக்சிகோ வகை, தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. காலையில் எலியோடு வந்த கலாமணி பெட்டியைத் திறந்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, இது உங்க ஜாதகமுங்களா?”

“ஆமா.”

“பேப்பர்னு இதையா விரிச்சீங்க?”

“பேப்பர் தீந்துபோச்சு.”

“நல்லா இருக்குது. நாளைக்கி வீட்டுப் பத்திரத்தை விரிச்சுப் போடுங்க.”

பன்னிரண்டு கட்டத்தில் சூரியன் இருந்தது, சனி இருந்தது, மற்ற எல்லாம் எழுதின இடத்தில் எழுதினபடி இருந்தன. ஏழாம் கட்டத்தில் ராகுவும் முதல் கட்டத்தில் கேதுவும் இருந்த இடங்கள் மட்டும் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தன. கறுப்பியின் வயிற்றில் கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு மேடுகள் தெரிந்தன. அன்று அது எலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

உத்தண்டராமன் வந்தார். தன் வீட்டில் வைத்திருந்த நகலையும் கொண்டுவந்தார். அதிலும் அந்த இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பஞ்சாங்கத்தைப் புரட்டி, வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“உங்களுக்கு ராகு இல்லீங்க தம்பி. போயிருச்சு.”

“அதுக்கு என்னங்க பண்ணணும்?”

“பண்றதுக்கு ஒன்னுமில்ல. ராகு தசை கெடையாது. ராகுகாலம் கெடையாது. கிரகணத்தன்னிக்கி வயிறு நெறையச் சாப்பிடுங்க.”

அடுத்த வாரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மஞ்சள் தடவிய ஜாதக நோட்டை மடியில் வைத்தபடி, தோஷத்தால் தள்ளிப்போன பெண்களின் அப்பாக்களும், தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இப்போது தாங்களே தங்களுக்கு வரன் பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டவர்களும், தாராபுரத்திலிருந்தும் மூலனூரிலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் பஸ் ஏறி வந்து, பின்கட்டு அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்தார்கள். பதினொரு பாம்புகளும் தின்றன. அசலை மட்டும்தான் தின்றன. கலாமணியின் கடையில் எடுத்த ஜெராக்ஸை அவை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அசலில் ஒருமுறை தின்றுவிட்டால், கல்யாணத் தரகர்களின் பைகளில் எந்தெந்த ஊரிலோ கிடந்த நகல்களெல்லாம் அதே நொடியில் வெறுமையாயின. ஒரு பாம்புக்குப் பத்து நாளைக்கு ஒரு ஜாதகம், அதற்கு மேல் செரிக்காது. சட்டை உரிக்கும் முன் கண் பாலும் நீலமுமாகப் பூத்துவிட்டால் ஒன்றும் தின்னாது, ஆகவே ஊரில் நல்ல நாள் பார்க்கிறவர்கள், “கண்ணு தெளிஞ்சிருச்சுங்களா?” என்று கலாமணிக்கு போன் செய்து கேட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குச் சொன்னார்கள்.

பாம்புக்குப் பால் கொண்டுவந்தவர்களிடம் பாம்பு பால் குடிக்காது என்று மோகனசுந்தரம் பணிவாகச் சொன்னான். அந்தப் பாலில் வரிசையில் இருந்தவர்களுக்கு டீ போடப்பட்டது. பரிகாரக் கோயில்களுக்கு வேன் விட்டுக்கொண்டிருந்தவர் முதல் மாதம் வாசலில் நின்று சண்டை போட்டார், இரண்டாம் மாதம் அதே வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து, பாம்புகளுக்கு உரிய பதிவுச் சான்று இருப்பதைச் சரிபார்த்தபின், ராகு பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் வருகிறதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். வரவில்லை என்று பதில் வந்தது. அதைச் சொல்ல வந்தவர் தன் மகளின் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தை மாதத்தில் மட்டும் நாற்பதைத் தாண்டிய மணமக்கள் பத்தொன்பது ஜோடி. ஒரு மண்டபத்தில் மணவறைப் பலகைக்குப் பதிலாக முதுகு சாய்கிற நாற்காலி போட்டார்கள், அதையும் ஊர் வழக்கமாக எடுத்துக்கொண்டது.

ராகு போனவர்களுக்கு ராகுகாலம் கிடையாது என்று உத்தண்டராமன் சொன்னாரே தவிர, அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு என்னவாகும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. திங்கட்கிழமை ஏழரைக்கு, செவ்வாய் மூன்றுக்கு, புதன் பன்னிரண்டுக்கு, இப்படி அந்தந்த நாளில் ராகுகாலம் பிறக்கும்போது, ராகு போனவர்களின் கண்ணுக்கு ஊர் காலியாகிவிடும். வெயில் நீர்மோரின் நிறத்துக்கு மாறும். பஸ்நிலையத்தில் பஸ்கள் இருக்கும், ஏற ஆளிருக்காது. கடையில் டீ கொதிக்கும், ஆற்ற ஆளிருக்காது. மற்றவர்கள் யாரையும் அவர்களால் பார்க்க முடியாது, கேட்க முடியாது, ஒருவரை ஒருவர் மட்டும்தான் பார்ப்பார்கள். பசிக்காது, கால் வலிக்காது, யாருக்கும் எந்தக் கவலையும் நினைவுக்கு வராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி, மெல்ல நடந்து, நேரம் முடிந்ததும் திரும்புவார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “நல்லா இருந்துச்சுங்க” என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊர் அதற்கும் பழகியது. கண் திறந்தபடி நடுரோட்டில் நடக்கிறவர்களைச் சுற்றிக்கொண்டு லாரிகள் போயின. பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்துக்கு வேறு வாத்தியார் போட்டார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ராகு போன வீடுகளில் ஒரு குறையும் இல்லை, கைகோத்துக்கொண்டு மணலுக்குப் போய்வந்தார்கள். ஒருவருக்குப் போய் ஒருவருக்கு இருந்த வீடு தாராபுரத்தில் ஒன்றுதான்.

மோகனசுந்தரம் ஆற்றுக்குப் போவதில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் பாம்பு அறையில் இருப்பான், பாம்புகள் அந்த நேரத்திலும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு புதன்கிழமை, கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்த கலாமணி, பரணிலிருந்த முறுக்கு அச்சை எடுக்க முக்காலியில் ஏறி, முக்காலி சாய்ந்து, வலது கை அடியில் மாட்டி, சமையலறைத் தரையில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஏனுங்க, ஏனுங்க என்று பத்துப் பதினைந்து தடவை கூப்பிட்டாள். அவன் வந்தான். பானையிலிருந்து தண்ணீர் மோந்து குடித்தான். டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு, நீட்டிக் கிடந்த அவள் காலைத் தெரியாமலே தாண்டி, கறுப்பி இருந்த அறைக்குத் திரும்பிப் போனான். ஒன்றரைக்கு ஊர் மறுபடி நிறைந்தபோது ஓடிவந்தான்.

“எப்ப விழுந்த, கலா?”

“நீங்க தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி.”

மாவுக்கட்டுப் போட்டு வந்த மறுநாள் அவனுடைய அக்கா மரகதம் காங்கேயத்திலிருந்து வந்து இறங்கினாள். வந்ததும் பீரோவைத் திறந்து கலாமணியின் ஜாதகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இன்னைக்கே இதையும் போட்டுரு. அவனுக்கு இல்லாம உனக்கு மட்டும் ஏழுல ராகு இருந்தா, எந்தம்பி உசுருக்கு ஆகாது. போட்டுட்டா ரெண்டு பேரும் ஒன்னாப் போயி ஒன்னா வரலாம்.”

“போட மாட்டனுங்க, அண்ணி.”

“ஊரே வரிசையில நிக்குது, உனக்கு மட்டும் என்ன?”

“முப்பத்தியொரு பேரு என்னையப் பாக்க வந்தாங்க. வந்து சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்னுட்டுப் போயி, ராகு இருக்குது வேண்டாம்னாங்க. அதுல ஒருத்தரு இப்ப மூனாவது கல்யாணம் பண்ணியிருக்காரு. ஒருத்தரு சீட்டுக் கம்பெனி நடத்தி உள்ள இருக்காரு. தெக்க ஒருத்தரு இருக்காரு, தினம் குடிச்சுட்டு வந்து அந்தப் புள்ளைய என்ன பண்றாருன்னு எங்கடைக்கி வர்றவங்க சொல்றாங்க. அத்தன பேரையும் வாசல்லயே நிறுத்துனது யாருங்க? எங்கப்பன் நிறுத்துனாரா? ஏழுல உக்காந்துட்டு அதுதான் நிறுத்துச்சு. அதைப் பாம்புக்குப் போடச் சொல்றீங்க.”

மரகதம் தம்பியைப் பார்த்தாள். “ஏன்டா, வாயத் தொறந்து சொல்லேன்டா.”

மரகதம் சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

அவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். தன் ஜாதகத்தின் ஏழாம் கட்டத்தில் பேனாவால் ராகு என்று எழுதினான். விடிந்தபோது மை இல்லை. பெயின்டால் எழுதினான்; பெயின்டும் இல்லை. கறுப்பியைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் தின்றது எப்போதோ செரித்து, உடம்பாகி, இரண்டு சட்டையும் உரித்துப் போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்கே போய், கூட்டம் குறையும்வரை நின்று, இடது கையால் தாளடுக்கிக்கொண்டிருந்த கலாமணியிடம் சொன்னான்:

“அந்த நேரத்துல வீடு காலியா இருக்குது, கலா.”

“மத்தவங்க நல்லா இருக்குதுங்கறாங்களே?”

“அவங்க ஆத்துக்குப் போறாங்க. நான் வீட்டுல இருக்கறேன். நீ இல்லாத வீடு எனக்கு நல்லா இல்ல.”

பதினாறு வருஷத்தில் அவன் பேசியவற்றில் இதுதான் நீளமானது. கலாமணி மெஷினை நிறுத்தினாள்.

“சாப்பிட்ட பாம்பை ரெண்டு நாளைக்கிக் கையில எடுக்கக் கூடாதும்பீங்களே, எடுத்தா என்னாகுமுங்க?”

“கக்கிரும்.”

“நேத்து கறுப்பிக்கு யாரோடதைப் போட்டோம்?”

நேற்றுப் போட்டது தமயந்தியினுடையது. அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர், முப்பத்து மூன்று வயது, வருகிற வைகாசியில் உடுமலைப்பேட்டைக்குக் கட்டிக்கொண்டு போக இருந்தவள். போனில் கலாமணி கேட்டதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

“எனக்கு வேண்டாம்னு விட்டதுதானுங்கக்கா. யாரு எடுத்துட்டுப் போனா என்ன? உங்க வீட்டுக்காரரே செகண்ட் ஹேண்ட் யாவாரந்தானே. மறுபடி எனக்கே வந்துராமப் பாத்துக்கங்க, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, உத்தண்டராமனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மோகனசுந்தரத்தின் ஜாதகத்தை எதிரே விரித்துவிட்டு, கலாமணி இடது கையால் கறுப்பியை எடுத்து, கட்டுப் போட்ட வலது கையில் சுற்றிக்கொள்ள விட்டாள். கறுப்பி கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு கழுத்து வளைந்து, வாய் அகன்று, வயிற்றிலிருந்து ஒரு அலை கிளம்பித் தலைவரை வந்தது. தரையில் விரித்திருந்த அன்றைய செய்தித்தாளில் ராகுவும் கேதுவும், எழுதினவர் இப்போதுதான் பேனாவை எடுத்ததுபோல ஈரமான கறுப்பு எழுத்துகளாக, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அறையில் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. கலாமணி எலிக்கு வைத்திருந்த இடுக்கியால் முதலில் ராகுவை எடுத்தாள்.

“ஏழுலதானே அம்மணி?” என்றார் உத்தண்டராமன். “அவரோட பழைய எடம்.”

“எங்க வேண்ணா வெக்கலாமுங்களா?”

“வெக்கலாம். கேது மட்டும் நேர் எதுத்தாப்ல வரணும். மூனு, ஆறு, பதினொன்னு, இதுல வெச்சா ராசா மாதிரி இருப்பாரு. பணங்காசு சேரும். உனக்கு ராகு இருக்கறதால அவருக்கு ஒன்னும் ஆகாது, ராகுவுக்கு ராகு ஈடாயிரும்.”

“ரெண்டுல வெச்சா?”

ஜோசியர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். “ரெண்டு வேண்டாம் அம்மணி. அது வாக்கு. அதுல ராகு உக்காந்தா மனுசனுக்கு வாய் நிக்காது. எடுத்தெறிஞ்சு பேசுவாரு, குத்தம் சொல்லுவாரு, வீட்டுல தினம் சண்டை.”

“இவரு பதினாறு வருசமா எங்கூடப் பேசுனதையெல்லாம் எழுதுனா ஒரு போஸ்ட் கார்டுல எடம் மீதி இருக்குமுங்க” என்றாள் கலாமணி. பிறகு கணவனைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. உங்க கட்டம்.”

மோகனசுந்தரம் ஈரமாக மின்னிய எழுத்தைப் பார்த்தான், அவள் கையில் சுற்றியிருந்த பாம்பைப் பார்த்தான், கட்டுக்கு வெளியே வீங்கித் தெரிந்த அவள் விரல்களைப் பார்த்தான்.

“ரெண்டுலயே வை” என்றான்.

வைத்தாள். எதிரே எட்டில் கேதுவை வைத்தாள். ஜாதகத் தாள் அவற்றை உறிஞ்சிக்கொண்டது. அன்று சாயங்காலம் நாலரைக்கு அவன் பயந்துகொண்டே கூடத்தில் உட்கார்ந்திருந்தான்; வெயில் நிறம் மாறவில்லை, தெருவில் ஆட்கள் நடந்தார்கள், உள்ளே கலாமணி ஒற்றைக் கையால் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. ஆறு மணிவரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை ஏழரைக்கு, இட்லித் தட்டின் முன் உட்கார்ந்தவன் சாம்பாரை வாயில் வைத்தான்.

“எதுக்கு இத்தன பெருங்காயம்?”

கலாமணி கரண்டியோடு திரும்பினாள். “என்னது?”

“பெருங்காயம். பதினாறு வருசமா வைத்தியன் கொடுத்த கஷாயத்தத்தான் சாம்பாருன்னு குடிச்சுட்டு இருக்கறேன்.”

“அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?”

“சொல்ல விட்டியா? எலிய இடுக்கியில புடிச்சுட்டு எதுக்கால நிக்கறே, எவனுக்குப் பேச்சு வரும்?”

“எலியத் தொடறதுக்குப் பயந்த மனுசன் பதினோரு பாம்பு எதுக்கு வாங்குனீங்க? நானா கேட்டேன்?”

“நீ எதைத்தான் கேட்ட? பொண்ணு பாக்க வந்தன்னைக்கி ஏதாச்சும் கேட்டியா?”

“நீங்க தலைய நிமுத்துனீங்களா? கீழ குனிஞ்சுட்டு இருந்தா யாருகிட்டக் கேக்கறது? சுவத்துகிட்டயா?”

“நான் பாத்தேன்.”

“என்ன பாத்தீங்க?”

“கட்டைவெரல்ல ஜெராக்ஸ் மை இருந்துச்சு. காப்பித் தட்டு ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. அத அவசரமா முந்தானையில தொடைச்ச.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “மை இல்லீங்க, அது டோனர்” என்றாள். டோனருக்கும் மைக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் சத்தமாகக் கேட்டான், பிரிட்ஜ் கேஸுக்கும் அடுப்பு கேஸுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் என்று அவள் அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். பின்கட்டில் ஜாதகத்தோடு காத்திருந்த பதினான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள், அவர்களில் ஒருவர் டீ கேட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணிக்கு ராகுகாலம் முடிந்தது. சண்டையில் அவர்கள் அப்போதுதான் கல்யாணம் முடிந்த மூன்றாவது நாளுக்கு வந்திருந்தார்கள்.